நசிகேதஸ்ஸின் ஐயமும் ‘இல்லை’ என்னும் சொல்லும்

கடோபநிஷத்தில் நசிகேதஸ் யமனிடம் வேண்டிய மூன்றாம் வரம் யாவரும் அறிந்தது. மனிதன் இறந்தபின் உளன் என்பாரும் இலன் என்பாருமாக உலகில் ஓர் ஐயம் இருந்துவருகிறதே, அதை நீ தெளிவிக்க வேண்டும் என்பது அவன் விண்ணப்பம். இது தேவர்களும் முன்பு ஐயுற்ற விஷயம், இதை விட்டு வேறொன்று கேள் என்று யமன் தட்டிக்கழிக்கிறான். யானை, குதிரை, பொன், நீண்ட ஆயுள் என்று எத்தனையோ காட்டியும் சிறுவன் அசையவில்லை.

இதனை ஓதுமிடத்து ஒரு முரண் தோன்ற வேண்டும், பலருக்குத் தோன்றுவதில்லை. இறந்தபின் ஆத்மா உண்டா என்று கேட்பவன் நிற்குமிடம் யமனுடைய வாசல். மூன்று இரவு அங்கே உண்ணாமல் காத்திருந்தவன் அவன். இரண்டாம் வரமாக ஸ்வர்க்கத்துக்கு ஸாதனமான அக்னியைக் கேட்டுப் பெற்றும் விட்டான். உடல் விழுந்தபின் ஆத்மா இல்லையெனில் ஸ்வர்க்கம் யாருக்கு? அதை நம்பி ஒரு வரத்தைச் செலவிட்டவன், அடுத்த வரத்தில் ‘ஆத்மா உண்டா’ என்று கேட்பானோ? கேட்டான் என்று கொண்டால் அவன் புத்திசாலியல்லன் என்றாகும். யமனோ அவனைப் போன்று வினவுபவன் கிடைக்க வேண்டுமே என்று கொண்டாடுகிறான்.

இந்த முரண்பாட்டை ஸ்ரீபாஷ்யகாரர் எவ்வாறு தீர்த்தருளினார் என்பதும், அத்தீர்வு இன்று துக்க வீட்டில் நாம் பேசும் பேச்சுக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் விஷயம். பாஷ்யத்தை முறையாக வாசித்த பெரியோர்களுக்கு இதில் புதிது ஒன்றுமில்லை. அடியேனுக்கு இது புதிதாகப் பட்டது, பட வேண்டிய காலத்துக்கு ஐம்பது ஆண்டு பிந்தி.

காரணம் ஒரு நண்பர். திருவொற்றியூர்ப் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் லேத் இயக்கி ஓய்வு பெற்றவர். இளமை முதல் கடவுள் மறுப்பாளர். மாலை வேளைகளில் திண்ணையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வாதிட்டே முப்பது ஆண்டு கழித்தோம். அடியேனைச் ‘சாமி’ என்றுதான் அழைப்பார். நாத்திகர் வாயில் அச்சொல் வருவது எங்கள் இருவருக்கும் பழகிப்போன வேடிக்கை. அவருடைய மனைவியார் சனிக்கிழமை தவறாமல் பெருமாளை ஸேவித்தவர். அந்த அம்மையார் காலமாகி, உறவினர் வற்புறுத்திச் செய்த கருமாதியும் கழிந்து ஒரு வாரமான பின் நண்பர் வந்தார். வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, வழக்கமில்லாத குரலில் கேட்டார்: “சாமி, அவள் எங்கேயாவது இருக்கிறாளா? நிச்சயமாகத் தெரிந்தால் சொல்லுங்கள்.”

அடியேன் செய்த பிழையை ஒளிக்காமல் எழுதுகிறேன். முப்பது ஆண்டு வாதத்தில் வெல்லும் தருணம் வந்ததென்று உள்ளே ஓர் எண்ணம் எழுந்தது. ஆளவந்தார் ஆத்மஸித்தியில் தேகம், இந்திரியம், மனம், ப்ராணன் என்று ஒவ்வொன்றாக விலக்கி ஆத்மாவை நிலைநாட்டிய முறையையும், வேதாந்த தேசிகன் பரமதபங்கத்தில் லோகாயதனைக் கண்டித்த முறையையும் அரைமணி நேரம் எடுத்துரைத்தேன். குறுக்கே ஒரு சொல் பேசாமல் கேட்டார். முடிவில், “நான் கேட்டது அதுவல்ல, சாமி. இருக்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே அவளுக்கு நினைவு இருக்குமா? என்னை அடையாளம் தெரியுமா?” என்றார். அடியேனிடம் அதற்கு விடை இல்லை. விடை நூலில் இருந்தது; நாவில் இல்லை.

அன்றிரவு ஸ்ரீபாஷ்யத்தை எடுத்துப் பிரித்தபோதுதான் அவருடைய இரண்டாவது கேள்வியே நசிகேதஸ்ஸின் கேள்வி என்பது விளங்கிற்று. அதற்குச் செல்லுமுன் ஐயத்தின் வகைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர்க் கதையே அதற்குத் துணை.

திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டையில் கல்யாண வரதராஜப் பெருமாள் ஸந்நிதி உளது. 1717 முதல் 1720 வரை சென்னையில் கும்பினி ஆளுநராயிருந்த ஜோஸப் காலட் நெசவாளரைக் குடியமர்த்திய ஊர் அது. காலட்பேட்டை நம் நாவில் காலடிப்பேட்டையாயிற்று. தலவரலாறாக வழங்குவது இது: காலட்டிடம் வேலை பார்த்த வீரராகவர் என்பவர் காஞ்சிப் பேரருளாளனிடம் ஆழ்ந்த பக்தர்; நாளும் காஞ்சிக்குப் போய் ஸேவித்துவிட்டே பணிக்கு வருவார் என்பர். (காஞ்சி இங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர், கணக்குப் பார்ப்பவர்களுக்கு இங்கே இடறும், பார்க்காமல் மேலே செல்க.) ஐயங்கொண்ட காலட், “இப்போது உம் கோயிலில் என்ன நடக்கிறது?” என்று கேட்க, அவர் கண்மூடி நின்று, அங்கே உத்ஸவத்தில் அந்த நொடியில் நேர்ந்த ஒரு தடங்கலைச் சொன்னார். தேர் நின்றது என்றும், குடை சிக்கிற்று என்றும் வாய்மொழி வேறுபடும். ஆளனுப்பி விசாரித்தபோது சொன்னது சொன்னபடியே நடந்திருந்தது. வியந்த காலட் பக்தருக்காக இங்கேயே வரதனுக்குக் கோயில் எழுப்ப உதவினார் என்று கதை முடிகிறது.

சிறுவயதில் இதைக் கேட்டபோது ஐயம் தோற்றது, பக்தி வென்றது என்றே எண்ணினேன். இப்போது தோன்றுவது வேறு. காலட்டின் ஐயம் குதிரையாளை அனுப்பித் தீர்க்கத்தக்க ஐயம். காஞ்சியில் தேர் நின்றதா என்பது ப்ரத்யக்ஷத்துக்கு உட்பட்டது. போய் வந்தவன் சொல்லால் அது தீர்ந்தது. தீர்ந்ததும் அவ்வளவே. வீரராகவர் பொய்யர் அல்லர் என்று காலட்டுக்குத் தெரிந்ததேயொழிய, வரதன் பரம்பொருள் என்று அவர் கொண்டதாகக் கதையும் சொல்லவில்லை. அவர் 1720இல் கிறிஸ்தவராகவே தாயகம் திரும்பினார். குதிரையாள் போய்த் திரும்பக்கூடிய தொலைவில் இருப்பதெல்லாம் ஒருவகை. எவரும் போய்த் திரும்பிச் செய்தி சொல்லாத இடம் வேறொரு வகை. இரண்டாவதற்கு முதலாவதன் கருவியைக் கொண்டுபோவது ஆத்திகரும் நாத்திகரும் ஒருங்கே செய்யும் பிழை.

இதை நம் தர்சனம் போல் கண்டிப்பாகச் சொன்னது பிறிதில்லை என்பேன். ஈச்வரன் உளன் என்பதை அனுமானத்தால் நிலைநாட்டலாம் என்பது நையாயிகர் கொள்கை. உதயனாசாரியர் ந்யாயகுஸுமாஞ்ஜலியை அதற்கென்றே இயற்றினார். குடம் உண்டாக்கப்பட்டது, அதற்குக் குயவன் உளன். உலகமும் அவயவங்களோடு கூடியதாகையால் உண்டாக்கப்பட்டது, ஆகவே அதற்கும் ஒரு கர்த்தா உளன் என்பது அவர் வழி. நம் உபந்யாஸகர் பலரும் இன்று மேடையில் இதையே பேசுகின்றனர். கடிகாரத்தையும் கணினியையும் உவமை சேர்த்துக்கொள்கின்றனர். சாஸ்த்ரயோநித்வாதிகரணத்தில் ஸ்ரீபாஷ்யகாரர் இந்த அனுமானத்தை நிற்க விடவில்லை. பெரிய மாளிகை ஒருவனால் ஒரே காலத்தில் கட்டப்படுவதில்லை. பலர் பல காலத்தில் கட்டக் காண்கிறோம். உலகம் மட்டும் ஒருவனால் ஒரே காலத்தில் ஆக்கப்பட்டது என்று எதைக் கொண்டு சொல்வது? மேலும் நாம் கண்ட கர்த்தாக்கள் எல்லோரும் உடலுடையவர், வினைக்கு உட்பட்டவர். அனுமானம் நேரே போனால் அத்தகைய பலரைத்தான் காட்டும். எங்கள் கரையில் இதற்கு எடுத்துக்காட்டு வேண்டின் துறைமுகத்தைப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்தன. பின்னர் ப்ரான்ஸிஸ் ஸ்ப்ரிங் காலத்தில் வாயிலையே மாற்றி அமைத்தனர். அதைக் காட்டி ‘ஒருவன் செய்தான்’ என்று யாரும் சொல்லார்.

ஆகவே உடையவரின் நிலை, ஈச்வரன் சாஸ்த்ரம் ஒன்றாலேயே அறியத்தக்கவன் என்பது. நண்பர் முப்பது ஆண்டு எதிர்த்துவந்த ‘குடத்துக்குக் குயவன்’ வாதத்தைத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எதிர்த்தவர் நம் ஆசாரியர் என்று அறியாமல் அடியேன் அதையே அவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தேன். தகப்பனாரிடம் அந்த அதிகரணத்தைப் பாடம் கேட்டிருந்தும், வாதம் என்று வந்தபோது நையாயிகனாகி விட்டேன்.

இனி, ‘இல்லை’ என்னும் சொல்லைப் பார்ப்போம். முதல் திருவாய்மொழியின் ஒன்பதாம் பாசுரத்தில் ஆழ்வார் சூன்யவாதியை எதிர்கொள்கிறார் என்பது வ்யாக்யானங்களின் நிர்வாஹம். உளன் என்றாலும் அவன் உளன். உளன் அல்லன் என்று நீ சொன்னாலும் அச்சொல்லாலேயே அவன் உளனாகிறான் என்பது பாசுரத்தின் போக்கு. இது சொல் விளையாட்டாகத் தோன்றும். அடியில் இருப்பது பாவாந்தரம் அபாவம் என்னும் நம் ஸித்தாந்தம். ‘குடம் இல்லை’ என்றால் குடம் வேறிடத்தில் உள்ளது, அல்லது ஓடாகக் கிடக்கிறது, அல்லது இன்னும் மண்ணாக இருக்கிறது. ஏதோ ஓர் இடத்தையோ காலத்தையோ நிலையையோ ஒட்டியே ‘இல்லை’ என்கிறோம். எதையும் ஒட்டாத, எங்கும் எப்போதும் எவ்வகையிலும் என்னும் ‘இல்லை’ ஒன்றை எவரும் கண்டதில்லை. இன்மை என்பது இருப்பின் வேறொரு நிலை.

இதனால் ஈச்வரன் நிரூபிக்கப்பட்டான் என்று கொள்ளலாகாது. அப்படிக் கொண்டால் முன் சொன்ன அதிகரணத்தோடு முரணும். இதன் பயன், ‘இல்லை’ என்பவன் தானறியாமலே எவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லத் துணிகிறான் என்று காட்டுவது. துக்க வீட்டில் கதவைத் தட்டி ‘ஐயா இருக்கிறாரா?’ என்று செய்தி தெரியாதவன் கேட்கும்போது வீட்டார் ‘அவர் இல்லை’ என்கிறார்களே, அச்சொல்லைக் கவனிக்க வேண்டும். உடல் கிடக்கும் கூடத்தில் நின்றுகொண்டு, உடல் இருக்கவே, ‘அவர் இல்லை’ என்கிறோம். உடலே அவர் என்று எண்ணியிருந்தால் ‘இதோ இருக்கிறார்’ என்றல்லவா சொல்ல வேண்டும்? நண்பரும் மனைவியாரின் உடல் மூலகொத்தளத்துக்குப் புறப்படுமுன்பே, வந்தவர்களிடம் ‘அவள் போய்விட்டாள்’ என்றே சொன்னார். அவருடைய கொள்கை ஒன்று சொல்லிற்று, நாக்கு வேறொன்று சொல்லிற்று. இதை அவரிடம் சுட்டிக்காட்டினேன். “பழக்கதோஷம்” என்றார். நியாயமான மறுமொழிதான், பழக்கம் ப்ரமாணம் ஆகாது.

இப்போது மூலக் கேள்விக்கு வருவோம். ஸ்ரீபாஷ்யம் முதலத்யாயம் இரண்டாம் பாதம், அத்த்ரதிகரணம். அங்கே நசிகேதஸ்ஸின் மூன்றாம் வரத்தைப் பற்றி உடையவர் விசாரித்தருளுகிறார். தேகத்துக்கு வேறான ஆத்மா உண்டா என்பது அங்கே கேள்வியன்று. அதில் ஐயமற்றவன் என்பது முந்தின வரத்தாலேயே ஸித்தம். ‘இறந்தவன்’ என்று அங்கே கூறப்படுபவன் ஸம்ஸாரத்தினின்று நீங்கியவன், அதாவது முக்தன். முக்தியில் ஆத்மாவின் நிலை என்ன என்பதிலேதான் வாதிகள் பிணங்குகின்றனர். ஞானமாத்திரமான ஆத்மாவின் ஸ்வரூபமே ஒழிந்துபோவது மோக்ஷம் என்பார் சிலர். அவித்யை நீங்குதல் மாத்திரமே என்பார் சிலர். அறிவு முதலிய குணங்கள் யாவும் அற்றுக் கல்லைப்போல் தனித்துக் கிடத்தல் என்பார் சிலர். உபாதி நீங்கிப் ப்ரஹ்மமேயாதல் என்பார் சிலர். அவித்யை நீங்கியபின், தனக்கு இயல்பான பரமாத்மாநுபவத்தைப் பெறுதல் என்பர் வேதாந்தத்தில் ஆழங்கால்பட்டவர். இவற்றுள் எது உண்மை என்பதே சிறுவனின் ஐயம். மோக்ஷத்தின் தன்மையைக் கேட்கும் முகத்தாலே அடையப்படும் பரமாத்மாவையும், அடையும் உபாஸகனையும், அடைவிக்கும் உபாஸனத்தையும் கேட்டானாகிறான். இவ்வாறு கொண்டால் முரணும் நீங்குகிறது. யமன் அவனைக் கொண்டாடியதும் பொருந்துகிறது.

சங்கரபாஷ்யத்தில் இம்மந்திரம் உடலினும் வேறான ஆத்மா உண்டோ என்னும் ஐயமாகவே கொள்ளப்பட்டது. இரு பாஷ்யங்களும் பிரியுமிடம் இஃதொன்றே என்றால் தற்செயல் எனலாம். மூன்றாமத்யாயம் மூன்றாம் பாதத்தில் உடலையும் ஆத்மாவையும் பற்றி அடுத்தடுத்து வரும் இரண்டு ஸூத்ரங்களையும் எடுத்து ஒப்பிட வேண்டும். சங்கரர் அவற்றை லோகாயத நிரஸனமாக விளக்குகிறார்: உடல் உள்ளபோதே உணர்வு காணப்படுவதால் உடலே ஆத்மா என்பது சிலர் வாதம், அன்று என்பது விடை. உடையவரோ அங்கே லோகாயதனை அழைப்பதே இல்லை. உபாஸனம் செய்பவன் தன்னை எவ்வாறு நினைக்க வேண்டும் என்பதே அவர் எடுக்கும் வினா. உடலில் கட்டுண்டு செய்பவனும் துய்ப்பவனுமாயிருக்கும் இன்றைய நிலையிலா, பாபம் மூப்பு சாவு பசி யாவும் நீங்கிய நாளைய நிலையிலா? இன்றைய நிலையில் என்பது பூர்வபக்ஷம். அடையப்போகும் நிலையில் என்பது ஸித்தாந்தம். எவ்வாறு நினைக்கிறானோ அவ்வாறே ஆகிறான் என்னும் தத்க்ரது ந்யாயம் இதற்குத் துணை.

இரண்டிடங்களிலும் நடந்தது ஒன்றே. ‘உண்டா’ என்று கொள்ளத்தக்க கேள்வியை, ‘எத்தகையது’ என்னும் கேள்வியாக உடையவர் கொண்டருளினார். லோகாயதனுக்கு விடை சொல்ல இயலாமையால் அன்று. பரமாசாரியரான ஆளவந்தார் ஆத்மஸித்தியில் அதைத் தீர்த்துவைத்தாயிற்று. அடியேனுக்குத் தோன்றும் காரணம் வேறு. ‘உண்டு’ என்று மட்டும் தெரிந்துகொள்வதால் யாருக்கும் ஆறுதலும் இல்லை, அச்சமும் தீராது. கல்லாகக் கிடப்பதும் ஓர் ‘உண்டு’தான். நண்பர் அரைமணி நேரம் கேட்டபின் தள்ளியது அந்த வெற்று ‘உண்டை’யே. லேத் பட்டறையில் நாற்பதாண்டு நின்றவர், ஸூத்ரம் ஒன்றும் அறியாதவர், எது கேட்கத்தக்கது என்பதை அடியேனைவிடச் சரியாக அறிந்திருந்தார்.

அவருடைய கேள்விக்கு நம் தர்சனத்தின் விடை தெளிவானது. முக்தன் அறிவிழந்தவன் அல்லன். கர்மத்தால் சுருங்கிக் கிடந்த தர்மபூத ஞானம் அங்கே தடையின்றி விரிகிறது. இங்கே இருந்ததைவிட அதிகம் அறிபவனே ஆகிறான். நான்காமத்யாயம் நான்காம் பாதத்தில் முக்தனுடைய ஸங்கல்பமாத்திரத்தாலேயே அவன் விரும்பியவை எய்தும் என்று நிலைநாட்டப்படுகிறது. அதற்கு மூலமான சாந்தோக்யம் எட்டாம் ப்ரபாடகம், அவன் தந்தையரை விரும்பினால் தந்தையர் எழுந்து வருவர், தாய்மாரை விரும்பினால் தாய்மார், உடன்பிறந்தாரை விரும்பினால் உடன்பிறந்தார், தோழரை விரும்பினால் தோழர் என்று அடுக்குகிறது. உறவு அங்கே அழிந்துபோவதாயின் இந்த வாக்யங்களுக்கு விஷயமே இல்லை.

எதிர்வாக்யம் ஒன்றும் அதே ப்ரபாடகத்தில் உளது. அதை மறைப்பது முறையன்று. ஜனங்களின் நடுவே கிடந்த இவ்வுடலை முக்தன் நினையாதவனாய்த் திரிகிறான் என்கிறது அது. அப்படியானால் மனைவி கணவனை நினையாளோ? ஸர்வத்தையும் அறிபவன் என்று சொல்லப்பட்டவனுக்கு இது மறதி ஆகமாட்டாது. வினையினால் வந்த துன்பவடிவமாக, ‘நான்’ என்றும் ‘எனது’ என்றும் பற்றிய பற்றோடு, இவ்வுடலை நினைப்பதில்லை என்றே கொள்ள வேண்டும். எல்லாம் பரமபுருஷனுடைய விபூதி என்று காண்பவனுக்கு அதே உலகம் இனிதாகிறது என்று பூமாதிகரணத்தில் அருளிச்செய்ததும் இதற்கு ஒத்தது. ஆகவே நினைவு உண்டு. நினைவில் இருந்த வலி இல்லை.

மறுநாள் நண்பரிடம் இவ்வளவும் சொன்னேன். “அப்படியானால் அவளுக்கு அந்த நிலை கிடைத்ததென்று உங்களுக்குத் தெரியுமா?” என்றார். தெரியாது என்றேன். யாருக்கு எப்போது என்பது அவன் திருவுள்ளம். சாஸ்த்ரம் முக்தியின் தன்மையைச் சொல்லுமேயன்றி, இன்ன தெருவில் இன்னார் பெற்றார் என்று பெயர் சொல்லாது. ‘பரமபதித்தார்’, ‘ஆசாரியன் திருவடி சேர்ந்தார்’ என்று நாம் பத்திரிகை அடிக்கிறோம். ப்ரபந்நன் விஷயத்தில் அது சரணாகதியின் பலத்தில் வைத்த விச்வாஸம். குதிரையாள் கொண்டுவந்த செய்தி அன்று. இவ்விரண்டையும் கலந்து பேசுவதால்தான், விச்வாஸம் ஒருநாள் தளர்ந்தால் பொய் சொல்லிவிட்டோமோ என்று நம்மவர்களே உள்ளூர நடுங்குகின்றனர். அந்த நடுக்கத்தை அடியேனும் அறிவேன். தமையனாரின் சரம கைங்கர்யத்தின்போது, நாவு திருவாய்மொழியைச் சேவித்துக்கொண்டிருக்க, நெஞ்சு வெறுமையாகக் கிடந்தது.

அப்படிக் கிடப்பது அபசாரமோ என்று கலங்குபவர்கள் பத்தாம் பத்தின் முடிவை ஈட்டோடு சேவிக்க வேண்டும். ஒன்பதாம் திருவாய்மொழியில் அர்ச்சிராதி மார்க்கமும், எதிர்கொள்ளும் உபசாரங்களும், திருமாமணி மண்டபமும் ஆழ்வாருக்குக் காட்டிக்கொடுக்கப்பட்டன. கேட்டு நம்பியதன்று, கண்டு பேசியது என்பது பூர்வர்கள் நிர்வாஹம். அதற்குமேல் ஐயத்துக்கு இடமேது? ஆயினும் அடுத்த திருவாய்மொழியில், கண்டது மானஸ அநுபவமாத்திரமாய் நின்றுவிட, தாம் இவ்வுடலோடு இங்கேயே இருப்பதைக் கண்டு கதறுகிறார். தப்பிப்போக முடியாதபடி பிராட்டியின்மேல் ஆணையிட்டு எம்பெருமானைத் தடுக்கிறார். ஐயம் இல்லாத இடத்தில் ஆணை எதற்கு என்று கேட்கலாம். அவனுடைய ஸத்பாவத்தில் ஐயமில்லை; தம்மை இன்னும் இங்கே வைத்திருக்கிறானே என்பதில் ஆற்றாமை. கதறியபின்பே பேறு கிட்டிற்று என்பதும், அதைச் சொல்லியே ப்ரபந்தம் தலைக்கட்டுகிறது என்பதும் நாம் அறிந்தவை.

இதை நண்பரிடம் சொன்னபோது, “கண்டவரே அழுதாரா?” என்று கேட்டார். ஆம் என்றேன். வெகுநேரம் பேசவில்லை. அவர் கொள்கையை மாற்றிக்கொண்டார் என்று எழுதினால் வாசகர்கள் மகிழ்வர், அது நடக்கவில்லை. மாலையில் வருகிறார். கடோபநிஷத்து முடிந்து, நான்காமத்யாயத்தை ஸூத்ரம் ஸூத்ரமாகப் பொருள் கேட்கிறார். ‘சாமி, இந்த இடத்தில் உங்கள் ஆசாரியர் சொல்வது ஒட்டவில்லையே’ என்று இடையிடையே மறிக்கிறார். சென்ற வாரம் மறித்த இடம், முக்தன் பல உடல்களை ஒருங்கே ஏற்பதைப் பற்றிய ஸூத்ரம். ஒரு விளக்கு தன்னொளியால் பல இடம் பரவுவதுபோல் என்று அங்கே சொன்னது, உடல் என்னும் விஷயத்தில் எவ்வளவு தூரம் ஒக்கும் என்பது அவர் தடை. ச்ருதப்ரகாசிகையைப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.